மேல் இறக்கை முறிந்த காரணம்

நாற்பதாவது மணல் மூட்டை வரை அது தாங்கியது.

கார்த்திகை மாதத்துக் காலை. ஒன்பது மணியாகியும் ஒஸ்லோவில் வெளிச்சம் சரியாக வந்திருக்கவில்லை. பழைய தொழிற்சாலைக் கொட்டகையின் நடுவில், மரக்கட்டைகளின் மேல், ஒரு விமானத்தின் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். பறக்கும்போது காற்று இறக்கையைக் கீழிருந்து மேலே தள்ளும். தரையில் அதைச் சோதிக்க வேண்டுமானால் இறக்கையைத் தலைகீழாகக் கிடத்தி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். விமானங்கள் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அறுபது மூட்டை தாங்கினால் இறக்கை நல்லது. நான் ஓரத்தில் கொப்பியும் பென்சிலுமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராவது மூட்டையை ஆர்ன தானே தூக்கினார். எழுபதைத் தாண்டிய மனிதர். மற்றவர்கள் உதவிக்குக் கை நீட்டியபோது தலையசைத்து மறுத்துவிட்டார். சத்தம் வராமல் வைத்தார். கையை எடுத்தார்.

எலும்பு முறிகிற மாதிரி என்று எழுதலாம். ஆனால் அது மரம் முறிகிற சத்தம்தான். நீளமாகக் கேட்டது. இறக்கை நடுவில் மடிந்தது. கிழிந்த மூட்டையிலிருந்து மணல் சீமெந்துத் தரையில் கொட்டிக்கொண்டேயிருந்தது. அது நிற்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆர்ன என் பக்கம் திரும்பினார்.

"எழுது," என்றார். "நாற்பத்தொன்று."

எழுதினேன்.

துடைப்பத்திலிருந்து பென்சிலுக்கு

சென்ற கிழமை இந்தத் தொடரில், பஸ் தரிப்பிடத்தில் விடியப்புறம் பஸ்களைக் கூட்டித் துடைத்த கதையை எழுதியிருந்தேன். அந்த வேலை என் முதுகைத் தின்ற பிறகு வைத்தியர் ஒரு கடிதம் தந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண் அதைப் படித்துவிட்டு, "உன் நாட்டில் என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"படவரைஞர்," என்றேன். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் எட்டு வருடம் இருந்தவன் நான். யந்திரங்களின் உதிரிப் பாகங்களை, மாப்பசை ஏற்றி மினுக்கிய மெழுகுத் துணியில் மைப்பேனையால் வரைவது என் வேலை. இடப்பெயர்வுக்கு முன்னர் அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததோடு அது முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அவள் கணினியில் எதையோ தட்டினாள். அடுத்த மாதம் என்னை அந்தக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இங்கே அதற்கு 'ப்ரக்சிஸ்' என்று பெயர். சம்பளமில்லாத பயிற்சி வேலை. அலுவலகம் செலவுக்கு ஒரு படி தரும். ஆறு மாதம்.

கொட்டகையில் ஓய்வு பெற்ற மனிதர்கள் ஏழெட்டுப் பேர் சங்கமாகச் சேர்ந்து ஒரு பழைய சண்டை விமானத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் உள்ள வகை. இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவில் நோர்வேயிலேயே வரைந்து, நோர்வேயிலேயே கட்டியது. ஒன்றே ஒன்றுதான் கட்டினார்கள். அந்த முதல் மாதிரி விழுந்து நொறுங்கியதும் முழுத் திட்டத்தையும் கைவிட்டுவிட்டார்கள்.

அதை வரைந்தவர் ஆர்னவின் தகப்பனார். அவர் செத்துப் பல வருடங்களுக்குப் பிறகு வீட்டுப் பரணில் அறுபதுக்கு மேற்பட்ட வரைபடத் தாள்கள் கிடைத்தன. மெழுகுத் துணியில் வரைந்தவை. எலி கடித்ததும் ஈரம் பட்டதும் போக மிச்சத்தை நான் புதிதாக வரைந்து கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் மரம் அறுப்பார்கள்.

முதல் நாள் அந்தத் துணியை விரித்தபோது அதன் மணம் வந்தது. மாப்பசையும் மையும் கலந்த மணம். மூக்கைத் துடைக்கிற சாட்டில் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

நோர்வேஜிய மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். நாட்டு ராசாவைத் தவிர. ஆர்ன என்னை நீ என்றார், நானும் அவரை நீ என்றேன். ஆனால் மனதுக்குள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இங்கே எழுதும்போதும் அது வரவில்லை. பிரவுண் சீஸ் வைத்த பாணை இரண்டாகப் பிய்த்து ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிற மனிதர் அவர்.

வீட்டில்தான் பிரச்சினை. நாங்கள் அப்போது ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில், மூன்றாம் மாடியில் இருந்தோம். என் மனைவி வனஜா ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்தாள். என்ன வேலை என்று கேட்டவளுக்குப் பெருமையாகச் சொன்னேன்.

"பொம்மரே கட்டுறியள்?" என்றாள்.

"பொம்மர் இல்லை. சண்டை விமானம். பழசு. காட்சிக்கு வைக்கத்தான்."

"எங்கடை தலையிலை போட்டதும் இறக்கை வைச்ச சாமான்தானே."

"வனஜா, இது ஒருத்தரையும் சுடேல்லை. ஒரேயொரு ஆளைத்தான் சாகடிச்சது. அதை ஓட்டினவரை."

அவள் கறியைக் கிளறிக்கொண்டு நின்றாள். அவளுடைய அக்கா குண்டுவீச்சில் செத்தவர். அந்த வருடம் ஊரில் சமாதானம் முறிந்து, விமானப்படையின் கிபிர் குண்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தன. தொலைபேசி அடித்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்த வேலை அப்படிப்பட்டது.

கனம்

ஆர்னவின் தகப்பனார் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். வரைபடங்களோடு அதையும் நான் படிக்க வேண்டியிருந்தது. பழைய எழுத்து. ஆர்ன பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுவார்.

இராணுவம் கேட்டது வேகமாக மேலே ஏறுகிற விமானம். எதிரி விமானம் வந்தால் அதற்கு முன்னர் உயரத்துக்குப் போய்விட வேண்டும். ஆனால் நாட்டில் நல்ல யந்திரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒன்று வந்தது. அது எதிர்பார்த்ததைவிடப் பாரம். பலமும் குறைவு.

முதற் பறப்பு உறைந்த ஏரியிலிருந்து. சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பலகை பூட்டி ஓட்டினார்கள். வால் நடுங்குகிறது என்று விமானி சொன்னார். வாலை மாற்றினார்கள். மாற்றியதும் பின்பக்கம் பாரமானது. முன்பக்கத்தில் ஈயக்கட்டி வைத்தார்கள். ஈயம் வைத்ததும் மேலே ஏற முக்கியது. இப்படி ஒரு குளிர்காலம் முழுக்க. ஒரு பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதாமல் 'கனம்! கனம்! கனம்!' என்று மட்டும் எழுதி அடியில் கோடு கீறியிருந்தது.

அதன் பிறகு கனத்தைச் சுரண்டி எடுப்பது தொடங்குகிறது. இருக்கையின் தோலை எடுத்தார். தகரங்களில் துளை போட்டார். இரும்பு இருந்த இடத்தில் மரம் வைத்தார். 'மேல் இறக்கை: நாலு கிலோ குறைந்தது' என்று ஓரிடத்தில் சந்தோசமான எழுத்தில் இருந்தது.

வசந்தத்தில் விமானம் நன்றாக ஏறியது. அதிகாரிகள் வந்து பார்க்கும் நாள் குறித்தாயிற்று. அன்று விமானி உயரத்துக்குப் போய், மூக்கைக் கீழே குத்தி வேகமாக இறங்கி, மறுபடி மேலே எழுப்பியபோது மேல் இறக்கை முறிந்து பறந்தது.

விசாரணை நடந்தது. வரைபடத்தில் பிழையில்லை, சொன்ன எல்லையை மீறிச் சாகசம் காட்டப்போனதால் விமானி இறந்தார் என்று முடித்தார்கள்.

"அப்பா அதன் பிறகு விமானம் வரையவே இல்லை," என்றார் ஆர்ன. "படகுகள் மட்டும்தான் வரைந்தார். அந்த ஒரு மனிதனின் பைத்தியக்காரத்தனம் அப்பாவின் வாழ்க்கையைத் தின்றுவிட்டது என்று அம்மா சொல்லுவாள்."

ஆர்ன அந்த விபத்துக்குப் பிறகு பிறந்தவர். அந்த விமானத்தை அவர் கண்டதில்லை. அது நல்ல விமானம் என்று காட்டத்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கடிதம்

ஆவணி மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் கொட்டகையின் படம் வந்தது. இரண்டு கிழமை கழித்து ஒரு கடிதம். வயதான கையெழுத்து. ஆர்ன படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் போட்டார்.

'என் பெயர் இங்ரிட். அந்த விமானத்தில் செத்தவர் என் அப்பா. அப்போது எனக்கு நாலு மாதம். அவரைக் குடிகாரன் என்றும் பைத்தியக்காரன் என்றும் ஊர் சொன்னது. நீங்கள் அந்தச் சாமானைத் திரும்பக் கட்டி நிறுத்தும்போது அதன் பக்கத்துப் பலகையில் அவரைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்று எனக்கு முதலே சொல்லுங்கள். நான் அதைப் படிக்க இருப்பேனோ தெரியாது.'

சங்கத் தலைவர் தோளைக் குலுக்கினார். "விசாரணையில் உள்ளதைத்தான் எழுதுவோம். வேறென்ன?"

ஆர்ன கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

எட்டாத ஆணிகள்

புரட்டாசியில் மேல் இறக்கையைப் பொருத்தத் தொடங்கினோம். இறக்கைக்குள் நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் ஓடும். முழுப் பாரத்தையும் தாங்குவது அதுதான். என் வரைபடத்தின்படி அதன் தடிப்பு இருபத்தெட்டு மில்லிமீற்றர். அதன்படி அறுத்து இழைத்திருந்தார்கள். அதற்குப் பூட்டுகிற இரும்புத் துண்டுகளும் திருகாணிகளும் வேறொரு தாளில் இருந்த பட்டியலின்படி செய்து வந்திருந்தன.

ஆணிகள் எட்டவில்லை.

மரத்துக்குள் போன ஆணியின் நுனி மறுபக்கம் வெளியே வரவில்லை. ஒன்றல்ல, பன்னிரண்டும். எல்லாவற்றிலும் ஒரே அளவு குறைந்தது. ஆறு மில்லிமீற்றர்.

"பட்டியல் எழுதினவன் தூங்கியிருக்கிறான்," என்று ஒருவர் சிரித்தார். நீளமான ஆணிக்கு அங்கேயே ஒழுங்கு செய்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்குகிறவன் ஒன்றில் பிழை விடுவான், இரண்டில் விடுவான். பன்னிரண்டிலும் ஒரே பிழை விடமாட்டான்.

மாலை எல்லோரும் போன பிறகு அந்த மரச்சட்டத்தின் பழைய வரைபடத் துணியை எடுத்து விளக்கின் கீழ் விரித்தேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: எண்ணை நம்பு, கோட்டை அளக்காதே. துணி சுருங்கும், கோடு மாறும், எண் மாறாது. அதனால் நானும் எண்ணை மட்டும் பார்த்து இருபத்தெட்டு என்று பிரதி செய்திருந்தேன். இப்போது அளவுகோலை வைத்துக் கோட்டை அளந்தேன். முழு அளவில் வரைந்த குறுக்கு வெட்டு. கோடு இருபத்திரண்டு என்றது. பக்கத்துக் கோடுகளை அளந்தேன். அவை எல்லாம் சரியாக இருந்தன.

பிறகு நகத்தால் அந்த எண்ணைத் தடவினேன்.

மெழுகுத் துணியில் மையை அழிக்க றப்பர் உதவாது. சவர அலகால் மெதுவாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து மினுக்கி, அதன் மேல் புதிதாக எழுத வேண்டும். என்னதான் மினுக்கினாலும் அந்த இடம் கொஞ்சம் சொரசொரக்கும். மை ஓரத்தில் மயிரிழையாக ஊறும். நானே நூற்றுக்கணக்கில் சுரண்டியிருக்கிறேன். முதல் இலக்கமான இரண்டு வழுவழுப்பாக இருந்தது. இரண்டாவது இலக்கமான எட்டு சொரசொரத்தது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். எட்டுக்குக் கீழே ஒரு இரண்டின் வால் தெரிந்தது.

எண்ணை மாற்றியவர் கோட்டை மாற்றவில்லை. ஆணிப் பட்டியலை மறந்துவிட்டார்.

நாலு கிலோ குறைந்தது எங்கே என்று எனக்கு விளங்கியது. சட்டத்தை மெல்லியதாக்கித்தான் விமானத்தைக் கட்டியிருக்கிறார்கள். அது முறிந்து ஒரு மனிதன் செத்த பிறகு, விசாரணைக்குக் கொடுக்க முன்னர், ஒரு இலக்கத்தைச் சுரண்டியிருக்கிறார்கள்.

சமையலறைக் கதை

அந்த நாட்களில் ஆர்ன எனக்கு ஒரு வேலை தேடித் தரப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவரின் வரைபட அலுவலகத்தில், பழைய தாள்களைக் கணினிக்கு மாற்றுகிற நிரந்தர வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலை.

மூன்று நாட்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலாம் நாள் வனஜாவுக்குச் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த மனுசிக்குத் தெரியுமே?"

"எந்த மனுசிக்கு?"

"கடிதம் போட்ட மனுசிக்கு."

"அவவுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப சொல்லுங்கோ."

"ஆர்னவின்ரை தகப்பன், வனஜா. அந்தாள் தகப்பனைக் கடவுள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. அதோடை என்ரை வேலை..."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கான்ரை வீட்டுக்கு மேலை போட்டவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஏன் போட்டவன் எண்டும் தெரியாது. ஒருத்தரும் வந்து, நாங்கள்தான் செய்தது, அவ ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு சொல்லேல்லை. சொன்னால் அக்கா வரமாட்டா. எண்டாலும் நான் இண்டு வரைக்கும் காத்துக்கொண்டுதான் இருக்கிறன். இந்த மனுசி எண்பது வருசமாக் காத்துக்கொண்டிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சும் நீங்கள் சொல்லாட்டி, பிறகு நீங்கள் ஆர்?"

வெங்காயத்தை மறுபடி உரிக்கத் தொடங்கினாள். நான் வெளியே போய்ப் படியில் நின்றேன். கீழே பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். 

அவருடைய விரல்

அடுத்த காலை ஆர்ன வருவதற்கு முன்னரே போய்த் துணியை விரித்து வைத்தேன். என் நோர்வேஜிய மொழி வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. இரவு முழுக்கச் சொற்களை அடுக்கிப் பார்த்திருந்தேன். அவர் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

அளவுகோலை வைத்துக் காட்டினேன். ஆணிப் பட்டியலைக் காட்டினேன்.

"எண்ணைப் பிழையாக எழுதியிருக்கலாம்," என்றார்.

"பிழையாக எழுதவில்லை. சுரண்டி எழுதியிருக்கிறது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் சுரண்டியிருக்கிறேன்."

அவருடைய விரலைப் பிடித்து அந்த எட்டின் மேல் வைத்தேன். தடவினார். பக்கத்து எண்களைத் தடவினார். மறுபடி எட்டுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டார்.

"இதை வேறு யாருக்குச் சொன்னாய்?"

"என் மனைவிக்கு."

"வேறு யாருக்கும் சொல்லாதே," என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

பத்து நாட்கள் வரவில்லை. சங்கத்தவர்கள் காய்ச்சல் என்றார்கள். அந்தப் பத்து நாட்களும் நான் சாப்பிட்டது ருசிக்கவில்லை. ஒரு வயதான மனிதரின் கையிலிருந்த ஒன்றேயொன்றைப் பறித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பதினோராம் நாள் வந்தார். தோளில் புதிதாக இழைத்த நீளமான சட்டம். என் மேசையில் வைத்தார். அளந்தேன். இருபத்திரண்டு.

"வீட்டில் நானே இழைத்தேன்," என்றார். "இதை வைத்து ஒரு இறக்கை செய்வோம். மணல் ஏற்றுவோம். தாங்கினால் அப்பா சரி. தாங்காவிட்டால்..."

முடிக்கவில்லை. அந்த இறக்கைதான் நாற்பத்தொன்றில் முறிந்தது.

மோர்டென்ஸ்ருட்

முறிந்ததற்கு மறுநாள் ஆர்ன என்னிடம் வந்தார். "இங்ரிட்டைப் பார்க்கப் போகிறேன். நீயும் வர வேண்டும். கண்டுபிடித்தவன் நீ."

அவள் மோர்டென்ஸ்ருட் பக்கத்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். நிலத்தடி ரயிலில் கடைசித் தரிப்பு. இறங்கியபோது மழையும் பனியும் சேர்ந்து கொட்டியது. இல்லத்தின் வாசலில் ஆர்ன சப்பாத்தை அளவுக்கு மிஞ்சி நேரம் துடைத்தார்.

இங்ரிட் யன்னலோரம் கதிரையில் இருந்தாள். மெலிந்து சிறுத்த உடம்பு. கண் மட்டும் கூர்மை. ஆர்ன தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மூடிக்கொண்டது. எங்களை இருக்கச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இடையில் ஒரு இடத்திலும் 'ஆனால்' என்று சொல்லவில்லை. எங்கப்பா மெல்லிசாக்கினார். எங்கப்பா சுரண்டினார். உங்கள் அப்பா ஒரு பிழையும் செய்யவில்லை.

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

"முறிகிறது என்று என் அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா?"

ஆர்ன என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். தெரியாது என்று சொல்லலாம்தான். முந்திய நாள் நான் கேட்ட மரம் முறிகிற சத்தம் காதில் இருந்தது.

"தெரிந்திருக்கும்," என்றேன். "ஆனால் அதிக நேரம் இல்லை."

தலையாட்டினாள். தன் கதையைச் சொன்னாள். அம்மா ஊரில் இருக்க முடியாமல் ஒஸ்லோவுக்கு வந்து தைத்துப் பிழைத்திருக்கிறாள். அப்பாவின் படத்தை எரித்துவிட்டாள். வீட்டில் அவர் பேச்சே கிடையாது.

"நான் பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்தேன். அப்பாவின் குடும்பப் பெயரை விட்டுத் தொலைக்கக் கிடைத்தது என்று எனக்குச் சந்தோசம். கேட்டாயா? சந்தோசப்பட்டேன்."

ஆர்ன அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், கைகளைத் தொங்கப்போட்டபடி.

"நீ ஏன் அழுகிறாய்?" என்றாள் இங்ரிட். கோபமாகத்தான் கேட்டாள். "நீ அப்போது பிறக்கவேயில்லை. உன்னை மன்னிக்க ஒன்றுமில்லை. உன் அப்பாவை மன்னிக்க எனக்கு இனி நேரமில்லை. இரு. இரண்டு பேரும் இருங்கள்."

இருந்தோம்.  யன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

பலகையில் எழுதாதது

நடந்ததைச் சங்கக் கூட்டத்தில் ஆர்ன சொன்னார். முறிந்த சட்டத்தை மேசையில் வைத்தார். விமானத்தின் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும், எழுத வேண்டும் என்றார்.

தலைவர் கெட்டவரல்ல. "ஆர்ன, எண்பது வருடத்துக்கு முந்திய கதை," என்றார். "ஜனங்கள் ஒரு அழகான விமானத்தைப் பார்க்க வருவார்கள். யாரோ ஒருவர் பொய் சொன்னதைப் பார்க்க வரமாட்டார்கள்." கை உயர்த்தச் சொன்னார்கள். ஆர்னவின் பக்கம் இரண்டு கைகள் உயர்ந்தன. எனக்குக் கை உயர்த்த உரிமையில்லை. நான் சங்கத்தவன் அல்ல.

பலகையில் 'பரிசோதனைப் பறப்பில் விபத்துக்குள்ளானது' என்று எழுதுவதாக முடிவானது. யாருடைய பிழை என்றும் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. தடித்த சட்டத்தை வைத்தே விமானத்தை முடித்தார்கள். ஆர்ன அன்றைக்கே கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டார். தகப்பனின் துணிகளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். நத்தார்ப் பண்டிகையோடு என் ஆறு மாதமும் முடிந்தது. வரைபட அலுவலக வேலை கிடைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே ஆள் குறைப்பு என்று ஆர்ன சொன்னார். இருக்கலாம். தை மாதம் நான் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கப் போனேன்.

ஆனால் ஒரு தாளை மட்டும் வீட்டில் வரைந்தேன். சமையலறை மேசையில், வனஜா பாத்திரங்களை ஒதுக்கித் தந்த இடத்தில். மேல் இறக்கையின் சட்டம். தடிப்பு இருபத்திரண்டு. 'கட்டப்பட்டபடி' என்று அடியில் எழுதினேன். இந்த அளவோடுதான் விமானம் பறந்தது, இந்த இடத்தில்தான் முறிந்தது என்று குறித்தேன். வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் ஆர்ன கையெழுத்து வைத்தார். 

மாசியில் ஒரு ஞாயிறு அதை இங்ரிட்டிடம் கொண்டுபோகப் புறப்பட்டேன். கதவடியில் வனஜா ஜக்கெற்றோடு நின்றாள்.

"நானும் வாறன்," என்றாள்.

இங்ரிட் படுக்கையில் இருந்தாள். மூன்று மாதத்தில் நன்றாக இளைத்திருந்தாள். தாளை அவள் மடியில் விரித்தேன். கோடுகள் அவளுக்கு விளங்கவில்லை.

"எங்கே?" என்றாள்.

முறிந்த இடத்தில் அவள் விரலை வைத்தேன். எவ்வளவு மெல்லிசாக்கினார்கள் என்று கேட்டாள். என் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஆறு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுக் காட்டினேன். அதற்குள்ளால் அவள் என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

வனஜா கட்டிலின் ஓரத்தில் இருந்து அவள் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். வனஜாவின் நோர்வேஜிய மொழி பாடசாலைச் சமையலறை மொழி. இதற்கு அது போதாது.

இங்ரிட் தாளின் மூலையைத் தடவினாள். "இங்கே உன் பெயர் இருக்கிறது. அவனுடைய பெயர் இருக்கிறது. என் அப்பாவின் பெயர் எங்கே?"

வரைபடத்தின் மூலையில் விமானிக்குக் கட்டம் கிடையாது. எந்த நாட்டிலும் கிடையாது. நான் பேனையை எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் கீழே அளவுகோலை வைத்து ஒரு புதிய கட்டம் கீறினேன்.

"சொல்லு," என்றேன்.

முதற்பெயரைச் சொன்னாள். குடும்பப் பெயருக்கு வந்ததும் நின்றாள். அறுபது வருடமாக அவள் வாயில் வராத பெயர். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினேன். நடுவில் ஒரு எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டேன்.

"இல்லை," என்றாள் இங்ரிட். "அதை வெட்டு. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுது."